உடைந்தது, உடைத்தேன்

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் போன வருடம் பிப்ரவரியில் நான் போட்ட செய்தி இது: "பாப்பாவுக்கு ஸ்லைடுல கால் எலும்பு உடைஞ்சிடுச்சு. மாவுக்கட்டு போட்டிருக்கு, நாலு வாரம். விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி."

அரை மணி நேரத்தில் நாற்பது கைகூப்பல்கள் வந்தன. மறுநாள் காலை சங்கச் செயலாளர் (ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், எதையும் தீர்மானமாக எழுதிப் பழகியவர்) ஒரு செய்தி போட்டார். குழந்தைகளின் பாதுகாப்பே முதன்மை, விளையாட்டிடத்தில் உள்ள சறுக்குமரத்தை உடனடியாக அகற்ற முன்மொழிகிறேன், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும். வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. சாயங்காலத்துக்குள் செக்யூரிட்டி அண்ணன் சறுக்குமரத்தைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டிவிட்டார். கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது.

என் செய்தியில் பொய் எதுவும் கிடையாது. கால் உடைந்தது, சறுக்குமரத்தில்தான் உடைந்தது. ஏழாம் வகுப்பில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? திருந்தினான், திருத்தினான். வருந்தினான், வருத்தினான். உடைந்தது, உடைத்தேன். நடுவில் ஒரு மெல்லினம் வல்லினமாக மாறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் மெல்லினத்தைத் தேர்ந்தெடுத்து எழுதியிருந்தேன்.

நடந்தது இதுதான். மகளுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சறுக்குமரத்தின் படிகளில் அவளாகவே ஏறத் தொடங்கியிருந்த நேரம் அது. மேலே போய் உட்கார்ந்துவிடுவாள், பிறகு இறங்கத் தெரியாமல் முழிப்பாள். தனியாகவா அனுப்புவது என்று எனக்குப் பதறியது. நானும் ஏறினேன். அவளை மடியில் உட்காரவைத்து, இரண்டு கைகளாலும் இடுப்பை அணைத்துக்கொண்டு சறுக்கினேன். பாதி தூரத்தில் அவளுடைய வலது ஷூ பக்கச்சுவரில் உரசி நின்றது. நாங்கள் நிற்கவில்லை. "க்ளக்" என்று ஒரு சத்தம் கேட்டதாக இப்போது தோன்றுகிறது. உண்மையில் கேட்டதா, பின்னால் நானாகச் சேர்த்துக்கொண்டதா தெரியவில்லை. கீழே வந்ததும் அழுதாள். தூக்கி நிறுத்தினேன். காலை ஊன்ற மறுத்தாள்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் கணைக்கால் எலும்பில் மயிரிழை போன்ற ஒரு கோட்டைக் காட்டினார். நான் வாய் திறக்கும் முன்பே கேட்டார்:

"ஸ்லைடுல மடியில வச்சுக்கிட்டுப் போனீங்களா?"

"எப்படி சார் தெரியும்?"

"இந்த வயசுல, இந்த இடத்துல இப்படி உடைஞ்சா பெரும்பாலும் அதுதான். அம்மாவோ அப்பாவோ கூட இருந்திருப்பாங்க."

வீட்டுக்கு வந்து ராத்திரி தேடிப் படித்தேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 2002 முதல் 2015 வரையிலான அவசர சிகிச்சைப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு வயதுக்குக் குறைந்த மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் சறுக்குமரங்களில் அடிபட்டிருக்கிறார்கள். அதிகம் அடிபட்டது ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள். எலும்பு முறிவுகளில் முன்னால் நிற்பது முழங்காலுக்குக் கீழே. அதற்கு அவர்கள் சொல்லும் முக்கியமான காரணம் பெரியவர்களின் மடி.

கணக்கு எளிது. அவள் எடை 11 கிலோ, என் எடை 72. தனியாகச் சறுக்கியிருந்தால், கால் எங்காவது மாட்டும்போது நிறுத்தப்பட வேண்டியது 11 கிலோ மட்டும். அவ்வளவு சிறிய உடம்பு தானாக நின்றுவிடும், அல்லது திரும்பிக்கொள்ளும், அதிகபட்சம் குப்புற விழும். என் மடியில் இருந்ததால் அந்தச் சின்ன எலும்பின் முனையில் 83 கிலோ வந்து முறுக்கியது. அதே வேகத்துக்கு ஏழரை மடங்கு ஆற்றல். நான் படித்தது பொறியியல். முதல் வருடம் இயக்கவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

பாதுகாக்கப் போன கைதான் உடைத்தது. இதை மனைவியிடம் அன்று ராத்திரியே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரிஞ்சா செஞ்சீங்க" என்றாள். கேள்விக்குறி இல்லாமல் சொன்னாள். குழுவில் மட்டும் நான் சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் யோசித்துப்பார்க்க விரும்புகிறேன். பிறகு, அதனால் என்ன ஆகியிருக்கும் என்பதையும்.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் ஒரே அரங்குக்காக ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பு, அறத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு. வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரைச் சொல்கிறார். ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார். திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே வந்துவிடுகிறது. ஓட்டுநர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அருகில் நின்று பார்த்தவர்களும் வருந்துவார்கள்தான். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் அந்த ரகத்தைச் சேர்ந்தது கிடையாது. "உங்க மேல தப்பில்ல" என்று நாம் எல்லோரும் அவரிடம் சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அவர் அதை உடனே ஏற்றுக்கொண்டு "ஆமாம், இல்லைதானே" என்று டீ குடிக்கப் போய்விட்டால் நமக்கு அவரைப் பற்றி ஏதோ உறுத்தும். செய்தவனுக்கு மட்டுமே உரிய ஒரு வருத்தம் இருக்கிறது, அது குற்றவுணர்ச்சியும் இல்லை, வெறும் துக்கமும் இல்லை என்பது அவர் வாதம்.

இதைப் படித்தபோது எனக்குத் திருவாரூர்தான் ஞாபகம் வந்தது. மனுநீதிச் சோழன் கதையில் நமக்கு எப்போதும் மணியும் பசுவும் ராஜாவும்தான் தெரிவார்கள். சேக்கிழார் சொல்லும் கதையில் இளவரசன் கவனிக்கத்தக்கவன். கன்று யாரும் பார்க்காத கணத்தில் துள்ளி வந்து தேர்க்காலில் விழுகிறது. வில்லியம்ஸின் லாரி ஓட்டுநரேதான். அவன் தேரிலிருந்து இறங்கி அழுகிறான், துடிக்கிறான். பிறகு அவன் செய்யும் காரியத்தைச் சின்ன வயதில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதற்குப் பரிகாரம் ஏதாவது உண்டானால் அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்பே செய்து முடித்துவிடலாம் என்று அந்தணர்களைத் தேடிப் போகிறான்.

தெரிவதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். இந்த எண்ணம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அவன் கெட்டவன் இல்லை, தப்பிக்க நினைப்பவன்கூட இல்லை. பிராயச்சித்தம் செய்யத் தயார்தான். "நான்தான்" என்று சொல்லும் அந்த ஒரு நொடியை மட்டும் கடந்துபோக முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறான். நானும் அந்த மூன்று வாரங்களில் மகளுக்காக எல்லாம் செய்தேன். ராத்திரி விழித்தேன், லீவு போட்டேன், தூக்கிக்கொண்டே நடந்தேன். வாட்ஸப்பில் ஒரு வரி மட்டும் எழுதவில்லை.

என் அலுவலகத்தில் ஏதாவது பெரிதாக உடைந்தால், அதாவது சர்வர் படுத்துவிட்டால், தரவு அழிந்துவிட்டால், மறுநாள் ஒரு கூட்டம் போடுவோம். பிரேதப் பரிசோதனை என்றே அதற்குப் பெயர். விமானத்துறையிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மென்பொருளுக்கு வந்த வழக்கம். அதில் முதல் விதி, யாரையும் குற்றம்சாட்டக் கூடாது. யார் செய்தது என்று கேட்காதே, எப்படிச் செய்ய முடிந்தது என்று கேள். ஒருவன் தவறான கட்டளையை அடித்து மொத்தத் தரவுத்தளத்தையும் அழித்துவிட்டான் என்றால், அவனைத் திட்டுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. நாளைக்கு இன்னொருத்தன் அடிப்பான். ஒரே கட்டளையில் அழியும்படி ஏன் வைத்திருந்தோம் என்பதுதான் கேள்வி. மனுநீதிச் சோழன் கதையில் ஒருவருமே கேட்காத கேள்வியும் இதுதான். கன்றுகள் திரியும் தெருவில் தேர் என்ன வேகத்தில் போனது? மகனைத் தேர்க்காலில் இட்ட பிறகும் அந்தத் தெருவில் எதுவும் மாறியிருக்காது.

இந்த வழக்கத்தை நான் மனதார நம்புகிறேன். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருப்பதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அந்த அறிக்கைகளில் எல்லாமே தன்வினையாகிவிடும். "கோப்பு அழிந்தது." "எச்சரிக்கை கவனிக்கப்படவில்லை." குற்றம்சாட்டாத கூட்டம் வேலைசெய்ய வேண்டுமென்றால் யாராவது ஒருவர் முதலில் "நான் அடிச்சேன், இந்தத் திரையப் பார்த்து இப்படி நினைச்சு அடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் எப்படி நடந்தது என்பதே தெரியாது. எங்கள் விளையாட்டிடத்தில் நடந்தது அதுதான். "நான்" என்ற சொல் காணாமல்போன இடத்தில் சறுக்குமரம் குற்றவாளியாகி நின்றது.

இதற்கிடையில் செயலாளர் கூப்பிட்டார். "தம்பி, ஸ்லைடை எடுத்துட்டுப் புதுசா என்ன வாங்கறதுன்னு ஒரு கமிட்டி போடறோம். நீங்க இருங்க. பட்டவருக்குத்தான் வலி தெரியும்." மறுக்கத் தெரியவில்லை.

சரி, வேலையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டிடங்களுக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. 1981இலிருந்து திருத்தித் திருத்தி வெளியிடுகிறார்கள். ஐரோப்பாவுக்கு இஎன் 1176, இஎன் 1177 என்ற தரநிலைகள். கையேட்டைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்கக் குனிந்து கிடந்தேன். செக்யூரிட்டி அண்ணன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "சார், இதெல்லாம் அளக்குறதுக்கு இருக்கா?" என்றார்.

இருந்தது. சறுக்குமரத்தின் மேடை 4 அடி. பக்கச்சுவர், சரிவு எல்லாம் பெரிய குறையில்லை. ஆனால் அது நின்றது பேவர் ப்ளாக் கல்மேல். ஊஞ்சலுக்குக் கீழேயும் கல். ஏறி விளையாடும் கம்பிக்கூண்டு ஆறரை அடி உயரம், அதற்குக் கீழேயும் கல், கல்மேல் வெயிலில் காய்ந்து விறைத்துப்போன ஒரு பச்சை மேட். ஊஞ்சல் சங்கிலியை மாட்டியிருக்கும் எஸ் வடிவக் கொக்கியின் வாய் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. எங்களுடையதில் என் சுண்டுவிரல் நுழைந்தது. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும், அது தொங்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். எங்களுக்குப் பின்பக்கம் சுற்றுச்சுவர், ஆடினால் கால் தொடும் தூரத்தில்.

அதைவிட மோசம் கம்பிக்கூண்டின் மேல்தட்டில் இருந்தது. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி ஐந்தரை அங்குலம். விளையாட்டுக் கருவிகளில் இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது ஒன்பது அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது கையேடு. நடுவில் இருக்கவே கூடாது. ஏனென்றால் சின்னக் குழந்தைகளுக்கு உடம்பைவிடத் தலை பெரிது. காலை முதலில் விட்டு நுழைந்தால் உடம்பு முழுக்க வழுக்கி வெளியே போய்விடும், தலை மாட்டிக்கொண்டு கழுத்தில் தொங்கும். இதைப் படித்தபோது வெயிலிலும் உடம்பு சில்லிட்டது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து நாடா கட்டியிருந்தது அங்கிருந்தவற்றில் ஓரளவு ஒழுங்கான ஒரே பொருளுக்கு. அதைத் தூக்கிப்போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி வந்திருக்கும். நிம்மதி வந்த பிறகு யாரும் கம்பிக்கூண்டைப் போய் அளந்திருக்க மாட்டார்கள். என் மௌனத்தின் விலை சறுக்குமரம் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தரநிலைகளை வாசிப்பது சலிப்பான வேலை என்று பொதுவாக ஒரு எண்ணம் உண்டு. எனக்கு அவை ஒருவகை அறநூலாகவே பட்டன. ஐரோப்பியத் தரநிலையின் முன்னுரையில் தன் நோக்கத்தைச் சொல்லிவிட்டே தொடங்குகிறார்கள். முதல் வேலை, உயிரையோ உறுப்பையோ பறிக்கும் விபத்துகளைத் தடுப்பது. இரண்டாவது, பிள்ளைகள் தங்கள் திறமையை வளர்த்துக்கொள்ள முயலும்போது அவ்வப்போது நடந்தே தீரும் விபத்துகளின் கடுமையைக் குறைப்பது. நடந்தே தீரும் என்று ஒப்புக்கொள்கிறார்கள். தரைவிரிப்பைச் சோதிக்கத் தலை வடிவத்தில் ஒரு கருவியை மேலிருந்து போட்டு அதிர்ச்சியை அளக்கிறார்கள். கவனியுங்கள், அளப்பது தலையை மட்டும். கை எலும்புக்கு அங்கே அளவுகோல் கிடையாது. எதைக் காக்க வேண்டும், எதைக் குழந்தையின் சொந்த அனுபவத்துக்கு விட்டுவிடலாம் என்று யாரோ சில பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த மேசையில் இருந்தவர்களுக்கும் குழந்தைகள் இருந்திருக்கும்.

ஆபத்துகளை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். குழந்தைக்குத் தெரியும் ஆபத்து, தெரியாத ஆபத்து. உயரம் தெரியும். நான்கு அடி மேலே நிற்கும்போது வயிற்றில் ஏதோ புரளும், கை கம்பியை இறுக்கும். வேகமும் தெரியும். ஐந்தரை அங்குலம் தெரியாது. கொக்கியின் வாய் தெரியாது. காலடியில் இருப்பது கல்லா மணலா என்பது விழும்வரை தெரியாது. 2019 தீபாவளி நாட்களில் தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு ஆழ்துளைக் கிணற்றுக்காக. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டு நெறிகள் கொடுத்திருந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த ஓட்டை தெரிந்திருக்க வழியே இல்லை. தெரியாதவற்றுக்கு முழுப் பொறுப்பும் பெரியவர்களுடையது, அதில் பேரமே கிடையாது. தெரிந்த ஆபத்தில் குழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் நாம் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்?

முதலாவதாக, அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். சோரன்சன் என்ற டென்மார்க் நிலவடிவமைப்பாளர் தான் கட்டிய விளையாட்டிடங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து, 1931லேயே குப்பைப் பொருட்களால் ஆன விளையாட்டிடம் ஒன்றைக் கற்பனை செய்தார். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் இருந்தபோதே, 1943இல், கோபன்ஹேகனின் எம்ட்ரப்பில் அது அமைந்தது. பலகை, செங்கல், சுத்தியல், ஆணி. கூடவே ஒரு பெரியவர், அதட்டாமல் இருக்கத் தெரிந்தவர். எங்கள் அடுக்ககத்தில் சறுக்குமரத்துக்கு நாடா கட்டிய வாரம் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று பார்த்தேன். அடித்தள கார் நிறுத்தத்துக்கு. தூண்களுக்குப் பின்னால் ஒளிந்து விளையாட அருமையான இடம். ரிவர்ஸ் எடுக்கும் வண்டிக்குப் பின்னால் மூன்றடிப் பிள்ளை தெரியாது.

நார்வேயின் எல்லன் சாண்ட்செட்டர் 2007இல் குழந்தைகள் தாமாகத் தேடிப்போகும் ஆபத்துகளை ஆறாக வகுத்தார். உயரம், வேகம், கத்தி சுத்தியல் போன்ற கருவிகள், நீர் நெருப்பு போன்றவை, மல்லுக்கட்டு, தொலைந்துபோவது. படித்ததும் என் திண்டிவனத்துக் கோடை விடுமுறை அட்டவணை போலவே இருந்தது. நியூசிலாந்தின் டனீடினில் 1972, 73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வயதுக்குள் கீழே விழுந்து அடிபட்டவர்களுக்குப் பதினெட்டு வயதில் உயரத்தைக் கண்டால் பயம் அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி இல்லை, மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

என் வீட்டிலும் அப்படித்தான். மாவுக்கட்டு பிரித்த இரண்டாம் வாரமே மகள் பால்கனிக் கம்பி வழியாகக் கீழே கைகாட்டி "சர்ர்ர்" என்றாள். அவளுக்குப் பயம் வரவில்லை. எனக்கு வந்தது. கட்டிலிலிருந்து அவள் இறங்கினால்கூட எழுந்து நின்றேன். சைக்கிள் ஹெல்மெட் வாங்கிப் போட்டுத்தான் விளையாட விட வேண்டும் என்று ஒரு நாள் கடைக்கே போய்விட்டேன். நல்லவேளை, கையேட்டில் அதற்கும் ஒரு வரி இருந்தது. விளையாட்டுக் கருவிகளில் ஏறும்போது ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டும். உடம்பு நுழையும் சந்தில் ஹெல்மெட் மாட்டிக்கொள்ளும். மறுபடியும் மடி.

இந்த இடத்தில் எனக்கே என்மேல் ஒரு சந்தேகம் வருகிறது. "குழந்தைகள் விழட்டும், விழுந்துதான் கற்பார்கள்" என்று எழுதுவது சுலபம். இணையத்தில் ஆண்கள்தான் இதை அதிகம் எழுதுகிறார்கள், நாலு வாரம் மாவுக்கட்டோடு குழந்தையைக் குளிப்பாட்டுவது பெரும்பாலும் அவர்கள் இல்லை. டனீடின் ஆய்வு ஆயிரம் பேரைப் பற்றியது. நான் தேர்ந்தெடுத்து வைக்கச் சொல்லும் கூண்டிலிருந்து நாளை ஒரு பையன் விழுந்து கையை உடைத்துக்கொண்டால், அவன் அம்மாவிடம் போய் உயரப் பயம் குறையும் என்றா சொல்வேன்? தரநிலை எழுதியவர்களுக்கு அந்த அம்மாவின் முகம் தெரியாது. எனக்கு லிஃப்ட்டில் தினமும் தெரியும். இதற்கு என்னிடம் பதில் இல்லை. செயலாளரின் பக்க நியாயமும் இதில்தான் இருக்கிறது. அவர் குழந்தைகளை நினைத்துத்தான் சறுக்குமரத்தை எடுக்கச் சொன்னார். அந்த முகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளையும் சேர்த்து நினைத்தார். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே இருப்பவருக்குக்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது.

மார்ச் மாதம் பொதுக்குழு. க்ளப் ஹவுஸில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். புரொஜெக்டரில் என் அளவுகளைக் காட்டினேன். கம்பிக்கூண்டின் படம் வந்தபோது சலசலப்பு எழுந்தது. பிறகு சறுக்குமரத்தை எடுக்கத் தேவையில்லை என்றேன்.

"என்ன தம்பி, உங்க கொழந்தைக்குத்தானே அடிபட்டுச்சு?"

"ஆமா சார். ஸ்லைடு உடைக்கல. நான்தான் உடைச்சேன். மடியில வச்சுக்கிட்டு சறுக்கினேன், அவ ஷூ மாட்டிக்கிச்சு. தனியா விட்டிருந்தா உடைஞ்சிருக்காது."

சொல்லி முடித்த பிறகு ஏசி சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது மாடியில் இருக்கும் ஒருவர், "மூணு வாரமா இத ஏன் சொல்லல? நாங்க கட்டைவிரல் போட்டப்ப நீங்களும் போட்டீங்களே" என்றார். நியாயமான கேள்வி. "சொல்ல முடியல" என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இன்றுவரை அவர் என்னோடு அளவாகத்தான் பேசுகிறார். பின்வரிசையில் பேரனை வளர்க்கும் ஒரு அம்மா எழுந்து, "நானும் அப்படித்தாம்ப்பா இவன மடில வச்சு கூட்டிட்டுப் போறேன். அப்படிப் போகக்கூடாதா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் அப்படித்தான் போயிருக்கிறார்கள். கூடாது என்றேன். தனியாகப் போக முடிந்த குழந்தை தனியாகப் போகட்டும், முடியாத குழந்தைக்கு அது இன்னும் அதற்கான உயரம் இல்லை, பக்கத்தில் நின்று கை பிடித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வாரத்தில் அந்தப் பேரனின் கால் உடைந்திருந்தால் என்ற கணக்கு அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நாடா கட்டியிருந்ததால் உடையவில்லை. தவறான காரணத்துக்காகக் கட்டிய நாடா.

வாங்கிய கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். விற்பனையாளர்கள் எல்லோரும் நிறங்களைக் காட்டினார்கள். ரப்பர் தரை விற்பவரிடம் "எத்தனை அடி உயரத்திலேர்ந்து விழுந்தா தாங்கும்னு சோதனைச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டால், "ரொம்ப சாஃப்டா இருக்கும் சார், வேணும்னா நடந்து பாருங்க" என்றார். நான்காவது ஆளிடம்தான் சான்றிதழ் கிடைத்தது. கம்பிக்கூண்டுக்குக் கீழே அதைப் போட்டோம், சென்னை மே மாத வெயிலில் ரப்பரும் சுடும் என்பதால் மேலே கூரைவலை. கூண்டின் இடைவெளிகளில் கூடுதல் கம்பி வைத்து வெல்டிங். கொக்கிகளை மாற்றி, ஊஞ்சலைச் சுவரிலிருந்து தள்ளி நட்டோம். சறுக்குமரத்துக்கு மணல். ஒன்பது அங்குல மணல் நான்கு அடி வீழ்ச்சி வரை தாங்கும் என்கிறது கையேடு, எங்கள் மேடையும் நான்கு அடி. ஆனால் ஆற்று மணல் இப்போது லேசில் கிடைப்பதில்லை. எம்-சாண்ட் போடலாமே என்றார்கள். அது உடைத்த கல், கூர்முனை கொண்டது, தூசு கலந்து நாளடைவில் இறுகிவிடும். உருண்ட மணிகளாக இருந்தால்தான் விழுபவருக்கு வழிவிட்டு நகரும். அலைந்து திரிந்து, சலித்துக் கழுவிய மணல் வாங்கியதில் பட்ஜெட் எகிறியதைப் பற்றிப் பொருளாளர் இன்னும் பேசுகிறார். பூனைகளுக்கும் மணல் பிடித்துப்போனது. ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். சறுக்குமரம் முடியும் இடத்தில் குழந்தைகளின் கால்பட்டு மணல் ஒதுங்கிப் பள்ளமாகிவிடுவதால் வாரம் இருமுறை அதை வாரிச் சமப்படுத்துவது செக்யூரிட்டி அண்ணனின் வேலை. அவருடைய பேத்தி விடுமுறைக்கு வந்தால் விளையாடலாமா என்று விதியில் எங்கும் இல்லை. அதை அடுத்த பொதுக்குழுவில் கேட்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டில் திறந்தார்கள். நாடாவெல்லாம் வெட்டவில்லை, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தார்ப்பாயை எடுத்தார்கள், அவ்வளவுதான். மகளுக்கு இரண்டே கால் வயது தாண்டியிருந்தது. நேராகச் சறுக்குமரத்துக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். படிக்கட்டருகே திரும்பி, "அப்பா நீ வராத" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். உடனே எழுந்தேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நாலு படியும் ஏறி, மேலே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மகள் கீழே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பின்னால் நின்ற பையன் "போ பாப்பா" என்றான். அவள் போகவில்லை. மெதுவாகத் திரும்பி, படி வழியாகவே பின்பக்கமாக இறங்கி வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.